கோட்டைத் தாண்டிய சிவப்பு

அறுபத்து மூன்று வயது வரைக்கும் நான் ஆஸ்பத்திரிக்குள் போனதெல்லாம் அடுத்தவரைப் பார்க்கத்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போவேன், கட்டில் ஓரம் ஐந்து நிமிடம் நிற்பேன், தைரியம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். படுத்துக் கிடக்கிற ஆளைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு இளக்காரம் வரும். உடம்பை வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் என்று நினைப்பேன். இதை மறைத்து என்ன செய்ய? எழுதுவது என்று உட்கார்ந்தபிறகு உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டப் போனேன். பதினெட்டில் மருந்து கலக்கத் தெரியும். முப்பதில் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாத தரிசை வாங்கிப் பட்டாசு ஆபீஸ் போட்டேன். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது. இன்றைக்கு அதில் தள்ளித் தள்ளிக் கட்டின நாற்பத்திரண்டு ரூம் இருக்கிறது. யாரிடமும் போய் நின்றதில்லை, யாரும் தூக்கிவிட்டதும் இல்லை. வடநாட்டு வியாபாரி என் சரக்கு என்றால் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமலே இறக்குவான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

வெடிமருந்து இருக்கிற ரூமுக்குள் செருப்புப் போட்டு யாரும் நுழையக் கூடாது. செருப்பில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்து தரையில் உரசினால் போதும், பத்து உயிர் போய்விடும். அதனால் வாசலிலேயே எல்லாரும் கழற்றிவிடுவோம். மற்ற முதலாளிமார் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனில் பேசுவார்கள். நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்பத்திரண்டு ரூமையும் வெறுங்காலோடு சுற்றுவேன். என் பாதம் எருமைத்தோல், முள்ளே மடங்கிப்போகும் என்று வேலையாட்களிடம் சொல்வேன். அவர்களும் ஆமாம் போடுவார்கள்.

சர்க்கரை வியாதி வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. நினைத்தால் மாத்திரை போடுவேன். சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் நரம்பு மரத்துவிடும், குத்தினாலும் தெரியாது, தினம் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று சாத்தூர் கிளினிக் டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். எனக்கு முள் தைப்பது தெரியாமல் போனது அதனால்தான். நான் அதை வீரம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழிந்த ஒரு சீசன். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் கால் கழுவும்போது என் மனைவி ராஜகனிதான் பார்த்தாள். வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, கம்பி மத்தாப்புக்கு வெட்டுகிற கம்பியின் துண்டு ஒன்று அரை விரல் நீளத்துக்கு ஏறி இருந்தது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை. பிடுங்கிப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றாள். மறுநாள் இரண்டு லோடு கிளம்ப வேண்டும், எனக்கு ஏது நேரம்?

என்னிடம் ஒரு மருந்து உண்டு. கந்தகத் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவது. சொறி சிரங்குக்கு அது கேட்கும், பொய்யில்லை. எங்கள் தொழிலில் கந்தகம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சொறிக்குக் கேட்டதால் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று நானே முடிவு கட்டி, வேலையாட்களுக்கு வெட்டுக்காயம், கொப்புளம் எதுவானாலும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தேன். தரையில் கிடந்த மூட்டைத் தூள் அது. அன்றைக்குக் கம்பி ஏறிய ஓட்டைக்குள் அதை விரலால் வைத்து அடைத்தேன். உள்ளே போன கிருமியை வெளியே விடாமல் மூடி போட்டு வைத்த மாதிரி ஆயிற்று என்று பிறகு மதுரை டாக்டர் சொன்னார்.

புதன்கிழமை காலையில் கணுக்காலுக்கு மேலே வலி எடுத்தது. வலி என்றால் சாதாரண வலி இல்லை. தோலைப் பார்த்தால் லேசான வீக்கம், கொசு கடித்த அளவு சிவப்பு. உள்ளேயோ யாரோ முறுக்குக் கம்பியால் எலும்பைச் சுற்றி இறுக்குகிற மாதிரி. போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியவில்லை. வெளியே தெரிகிறதற்கும் உள்ளே வலிக்கிறதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயின் முதல் அடையாளம் அதுதான்.

அன்று சாயங்காலம் சாத்தூர் டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார், சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்றார். இரவு காய்ச்சல் வந்தாலோ, தோல் நிறம் மாறினாலோ ஒரு நிமிடம்கூட இங்கே நிற்காதீர்கள், நேரே மதுரைக்குப் போங்கள் என்று என் மகன் செல்வகுமாரிடம் அழுத்திச் சொன்னார். காய்ச்சல் வந்தது. நிறமும் மாறியது. வியாழக்கிழமை காலையில் கணுக்காலுக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு, அதில் இரண்டு நீர்க்கொப்புளம். மகன் காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டான். நான் நாளைக்குப் போகலாம் என்றேன். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் நடந்தது, மதியம் வரை.

மதியத்துக்கு மேல் வலி நின்றுவிட்டது.

சுத்தமாக நின்றுவிட்டது. கொப்புளத்தைத் தொட்டேன், தெரியவில்லை. கிள்ளினேன், தெரியவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? மகனைக் கூப்பிட்டு, பார்த்தியாலே, கந்தகம் வேலை காட்டிருச்சு என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய், லாரிக்குப் பக்கத்தில் நின்று லோடு ஏற்றினேன். என் ஃபோர்மேன் சுடலைமுத்து இருபத்தைந்து வருடமாக என்னோடு இருப்பவர். அவரிடமும் காலைக் காட்டிப் பீற்றினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

வலி நின்றது குணமானதால் இல்லை. வலியைச் சொல்கிற நரம்பு செத்ததால். இரண்டாவது அடையாளம் அது. எத்தனையோ பேர் அங்கேதான் ஏமாந்து செத்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். நானும் அந்த வரிசையில் போய் நின்றவன்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது எனக்குப் பேச்சு குழறியது. மூச்சு வாங்கியது. சுடலைமுத்து வந்து முழங்காலுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். அழுத்திய இடத்தில் நறநறவென்றது, கல் உப்பை விரலால் நசுக்குகிற மாதிரி. அவர் கையை வெடுக்கென்று எடுத்தார்.

“அண்ணாச்சி, இது தோலுக்குள்ள காத்து அடைச்சிருக்கு. ஒங்க கிட்டக் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்” என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னை அப்படி எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவரும் மகனும் என்னை நெல் மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக் காரில் போட்டார்கள். வழியெல்லாம் லோடு கிளம்பிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போனேனாம். எனக்கு நினைவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் கிடந்தேன். ஒரு பக்கம் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள், இன்னொரு பக்கம் மருந்து ஏற்றினார்கள். சிறுநீருக்குக் குழாய் விட்டார்கள். சர்ஜன் ஒரு பெண். ஒல்லியாக, என் மருமகள் வயதில் இருப்பார். வேட்டியை விலக்கிப் பார்த்தார், அழுத்தினார், விரலை மோந்து பார்த்தார். அரை நிமிடம்தான். நர்சிடம் திரும்பித் தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார்.

எனக்கு ரோசம் வந்தது. அரை நிமிடத்தில் என்ன தெரியும்? ஸ்கேன் எடுங்கள், சென்னைக்குப் போட்டோ அனுப்புங்கள், பணத்துக்குக் கவலையில்லை என்றேன். நான் யார் தெரியுமா என்றும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நோய்க்கு ஒரு பேர் சொன்னார். அப்போது காதில் ஏறவில்லை. மகன் தாளில் எழுதி வைத்ததைப் பார்த்து எழுதுகிறேன்: நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்.

அது என்னவென்று அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஆட்டுத் தொடையை உரித்தால் தோலுக்கும் கறிக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சவ்வு இருக்கும் அல்லவா? நமக்கும் உண்டு. இந்தக் கிருமி அந்தச் சவ்வு வழியாக ஓடும். ஓடுகிற வழியில் சின்ன ரத்தக் குழாய்களை எல்லாம் அடைத்துக்கொண்டே போகும். ரத்தம் போகாத சதை அழுகும். மேலே தோல் நன்றாக இருக்கிற மாதிரித் தெரியும், கீழே எல்லாம் போயிருக்கும். எவ்வளவு உசத்தி மருந்தை ஏற்றினாலும் அது ரத்தத்தில் தானே போக வேண்டும்? ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? அதனால் மருந்தோடு கத்தியும் வேண்டும். அழுகினது அத்தனையும் வெட்டி எடுத்து, ரத்தம் கசிகிற நல்ல சதை வரும்வரை போக வேண்டும். ஸ்கேனுக்குக் காத்திருந்தால் காத்திருக்கிற நேரத்தில் அது மேலே ஏறும்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. கத்தி வைத்தால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயத்தைத்தான் அதட்டலாகக் காட்டினேன்.

அப்போது அந்த டாக்டரம்மா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கெண்டைக்காலில் சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். கோட்டின்மேல் மணி எழுதினார்.

“தியேட்டர் ரெடியாக முக்கால் மணி நேரம் ஆகும் ஐயா. நான் ஒண்ணும் பேசலை. நீங்களே இதைப் பாத்துக்கிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டாசுக்குத் திரி எரிகிற வேகத்தை நாங்கள் எப்படிப் பார்ப்போம் தெரியுமா? ஒரு அடித் திரியை வெட்டித் தரையில் நீட்டிப் போட்டு, பாதியில் ஒரு குறி வைத்து, முனையில் பற்றவைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். குறிக்கு எத்தனை நொடியில் வருகிறது என்று பார்த்தால், மருந்துக்கு எத்தனை நொடியில் போகும் என்று தெரிந்துவிடும். முப்பது வருடமாக ஒவ்வொரு கலவைக்கும் அதை நானே செய்கிறேன். ஃபோர்மேனைக்கூட விடமாட்டேன்.

மகனைத் தலைமாட்டில் கை கொடுத்துத் தூக்கச் சொல்லி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியது. முப்பத்தைந்து நிமிடத்தில் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் போய்விட்டது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். முழங்காலுக்கு இவ்வளவு நேரம், தொடைக்கு இவ்வளவு நேரம், வயிற்றுக்கு இவ்வளவு. நான் பார்த்துக்கொண்டிருப்பது திரி. அதன் மறுமுனையில் இருப்பது நான்.

ஒரு ரூமில் தீப் பிடித்தால் அந்த ரூமைக் காப்பாற்றப் போகிறவன் மடையன். நடுவில் இருக்கிற காய்ந்த புல்லை வெட்டி எறிந்து, அடுத்த ரூமைக் காப்பாற்றுகிறவன்தான் தொழில் தெரிந்தவன். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்?

டாக்டரம்மா திரும்பி வந்தார். “வெட்டுங்கம்மா. சீக்கிரம் வெட்டுங்க” என்றேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து அறுத்தார்கள். கணுக்காலிலிருந்து முழங்காலுக்குப் பக்கம் வரை நீளமாகத் திறந்தார்களாம். நல்ல சதை என்றால் தோலுக்கும் சவ்வுக்கும் நடுவில் விரல் போகாது. எனக்கு வெண்ணெய்க்குள் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனதாம். சீழ்கூடக் கெட்டியாக இல்லை, பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. அந்த நாற்றம் எனக்கும் அடித்தது. என் உடம்பிலிருந்து வருகிறது என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புண்ணைத் தைக்கமாட்டார்கள். திறந்தே வைத்து, மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியை அடைத்துக் கட்டுவார்கள். ஒரு நாளைக்குள் மறுபடி பிரித்துப் பார்ப்பது கட்டாயம். மிச்சம் அழுகல் இருந்தால் மறுபடி வெட்ட வேண்டும். முதல் வெட்டோடு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று விதமான கிருமி மருந்து, மணிக்கொரு தடவை விரலில் குத்திச் சர்க்கரை, பையில் இறங்குகிற சிறுநீருக்கு அளவு. கிருமியின் விஷம் ரத்தத்தில் கலந்தால் முதலில் சிறுநீரகம் படுக்குமாம். அந்தப் பையைப் பார்த்து மகன் முகம் மாறுவதை நான் கண்ணை மூடின மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தேன்.

சனிக்கிழமை காலையில் கட்டைப் பிரித்தார்கள். பாதம் கறுத்துவிட்டது. ஐந்து விரலும் கரித்துண்டு. டாக்டரம்மா இடுக்கியால் உள்சதையைத் தொட்டார், அது துள்ளவில்லை. ரத்தமும் வரவில்லை. இடுக்கியைக் கீழே வைத்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தே சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இன்றைக்கே, சிறுநீரகத்தின் வேலை குறைகிறது, நாளைக்கு வைத்தால் தொடைக்குப் போகும், அதற்கடுத்த நாள் வெட்ட ஒன்றும் மிஞ்சாது.

திரிக் கணக்கு தெரிந்தவன் உடனே சரி என்றிருக்க வேண்டும். சொல்லவில்லை. முந்தின நாள் வெட்டச் சொன்னது சதையை. இது கால். இந்தக் காலோடுதான் ஆபீஸ் போடுமுன் சிவகாசித் தெருவில் பத்துக்கு எட்டு அடிக் கடை வைத்து நின்றேன். முதல் ரூமுக்குக் கல் சுமந்ததும் இந்தக் காலோடுதான். நொண்டி முதலாளி என்று ஒரு பயல் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எதற்கு இருக்க வேண்டும்? இப்படியே போகிறேன், என்னை ஊருக்குக் கொண்டுபோங்கள் என்றேன். மகன் அழுதான். டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். கடைசியில் என் மனைவியை உள்ளே விட்டார்கள்.

ராஜகனி முந்தின நாளிலிருந்து வராந்தா பெஞ்சிலேயே இருந்திருக்கிறாள். தலை கலைந்து, சேலை கசங்கி வந்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். காலைக்கூட அவள் பார்க்கவில்லை.

“நாப்பது வருசமா நீங்க சொன்னதுக்கு நான் மறுத்துப் பேசினதில்ல” என்றாள். “செவ்வாக்கெழமையே ஆசுபத்திரிக்குப் போவம்னேன், கந்தகத்தக் கொழச்சீக. இப்ப ஒரு தடவ நான் சொல்றதக் கேளுங்க. காலு ஒங்களுது. ஆளு எனக்கு வேணும்.”

“நொண்டிய வச்சுக்கிட்டு என்னடி செய்வ?”

“ஒரு எடத்துல இருப்பீகல்ல. எனக்கு அது போதும்” என்றாள்.

நர்சம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் மகனிடம் ஆபரேஷனுக்குச் சம்மதம் எழுதுகிற தாளைக் கேட்டேன். என் கையெழுத்து ஒன்றுதான் நான் அழகாகப் போடுவது. பாங்கியில் மேனேஜரே பாராட்டியிருக்கிறார். அன்றைக்குக் கோடு எங்கேயோ போயிற்று.

பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இந்தத் தடவை முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்தை விட்டதால் வலி இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு நான் முப்பத்தெட்டு நாள் அங்கே இருந்தேன். வெட்டின முனையை உடனே மூடவில்லை. நல்ல சதைதானா என்று பார்க்கத் திறந்து வைத்து, தினம் கட்டுப் பிரித்துக் கட்டினார்கள். நர்சம்மா தள்ளுவண்டியோடு வருகிற சத்தம் கேட்டாலே எனக்கு வியர்த்துவிடும். ஆயிரம் பேர் கேட்க அதட்டின வாய், துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தது. பன்னிரண்டாம் நாள் முனையைத் தைத்தார்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் தோல் இல்லாமல் கிடந்த இடத்துக்கு இடது தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்து ஒட்டினார்கள். சீவின இடம்தான் ஒட்டின இடத்தைவிட எரிந்தது. சிறுநீரகம் மெல்லத் திரும்பியது. செலவு என்ன ஆயிற்று என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். கட்டினவன் நான், கட்டிவிட்டேன்.

மருமகள் ஒவ்வொரு மாத்திரைக்கும் பேரைத் தமிழில் எழுதி டப்பாவில் ஒட்டினாள். ராஜகனி தினம் சாயங்காலம் என் இடது பாதத்தை மடியில் தூக்கி வைத்து, விரல் இடுக்கு விரல் இடுக்காகப் பார்ப்பாள். இன்றைக்கும் பார்க்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோர்க்கிற கவனத்தோடு பார்ப்பாள். கூசுகிறது என்றால், கூசட்டும், உசுரு இருக்குன்னு அர்த்தம் என்பாள்.

இப்போது செயற்கைக் கால் போட்டு நடக்கிறேன். ஆனால் அதற்குள் இரும்பு போல்ட் இருக்கிறது. மருந்து ரூமுக்குள் இரும்போடு யாரும் நுழையக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான். அதனால் நான் கட்டின ஆபீசில் எனக்கு வாசலோடு சரி. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். வேலைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது ஒவ்வொருவர் பாதத்தையும் காட்டச் சொல்கிறேன். முதலில் கூச்சப்பட்டார்கள். அச்சங்குளத்திலிருந்து வேனில் வருகிற ஒரு பெண், “மொதலாளி காலுக்குக் கொலுசு வாங்கித் தரப்போறாக போல” என்று கேலி பண்ணினாள். பண்ணட்டும். கந்தக எண்ணெய் டப்பாவைக் குழி வெட்டிப் புதைத்தாயிற்று. ரூமுக்குள் போட்டுக்கொள்ள ஆணியில்லாத ரப்பர் செருப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். இதை முப்பது வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம். என் மூளைக்கு எட்டவில்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். சின்னப் புண்தானே என்று என்னை மாதிரி மருந்து கண்டுபிடிக்காதீர்கள். தோலில் ஒன்றும் தெரியாமல் வலி கொல்லுகிறதா, ஓடுங்கள். அந்த வலி தானாக நின்றுவிட்டதா, இன்னும் வேகமாக ஓடுங்கள். வெட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நான் யார் தெரியுமா என்று கேட்காதீர்கள். வியாழக்கிழமை மதியம் நான் காரில் ஏறியிருந்தால் இந்தக் கால் என்னோடு இருந்திருக்கும். டாக்டரம்மா அதை வாய் விட்டுச் சொல்லவில்லை. நானாகக் கேட்டேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒன்றே ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எழுத மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எடுத்த காலை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டு ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள், முறைப்படி அடக்கம் பண்ண வேண்டும். அது எங்களுக்கு முன்னால் தெரியாது. சனிக்கிழமை மதியம் ஒரு ஆள் வந்து செல்வகுமாரைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றின பொட்டலத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறான். மகன் அதை வாங்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் வராந்தாவில் நின்றிருக்கிறான். காரில் நம்ம கம்பெனிப் பட்டாசுப் பெட்டி காலியாக இருக்கிறது, அதில் வைக்கலாமா என்று சுடலைமுத்து மெதுவாகக் கேட்டாராம். மகன் முறைத்துவிட்டு, கடைக்குப் போய்ப் புது வேட்டி ஒன்று வாங்கி வந்து அதில் சுற்றினான்.

மதுரையிலேயே புதைக்கலாம் என்று யாரோ சொல்ல, ராஜகனி ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில்தான் என்றாள். மகனும் சுடலைமுத்துவும் காரில் கிளம்பினார்கள். சீசன் நேரம் அல்லவா, சாத்தூருக்கு முன்னால் போலீஸ் செக்கிங். திருட்டுச் சரக்கு போகிறதா என்று ஒவ்வொரு வண்டியையும் திறந்து பார்க்கிறார்கள். பின் சீட்டில் மூட்டையைப் பார்த்துவிட்டு, அதில் என்ன என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார். “எங்கப்பா காலு சார்” என்றானாம் மகன். அவர் இரண்டு அடி பின்னால் போய், கையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டார்.

சுடுகாட்டில் குழி வெட்டுகிறவர், தலை எந்தப் பக்கம் வரும் என்று வழக்கம் போலக் கேட்டுவிட்டார். கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு படி பாலை ஊற்றி மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து காரில் ஏறினார்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பின மகனை ராஜகனி என் ரூம் வாசலில் மறித்துக்கொண்டாள். அங்கே போய் வந்தவன் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது என்றாள். அவுகதான் உசுரோட இருக்காகளே, இதுக்குத் தீட்டு உண்டா என்று சுடலைமுத்து கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. இதற்கு முறை என்ன என்று யாருக்குத் தெரியும்? எதற்கும் குளித்துவிடட்டும் என்றாள். ஆஸ்பத்திரிக் குழாயடியில் குளித்துவிட்டு உள்ளே வந்தான்.

ஈரத் தலையோடு, இடுப்பில் துண்டோடு, என் கால்மாட்டில் வந்து நின்றான். எத்தனையோ வீடுகளில் நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். தகப்பனுக்குச் செய்துவிட்டு வருகிற மகன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்கிற தகப்பன் இந்த உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. வழக்கமான குரலில் வேலையைக் கேட்டேன்.

“குழி எம்புட்டு ஆழம்லே?”

“ரெண்டு முழம்ப்பா.”

“பத்தாதே. நாய் தோண்டிரும்.”

என்னை ஒரு நாளும் எதிர்த்துப் பேசாத பிள்ளை அவன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“மிச்சம் வரும்போது ஆழமாத் தோண்டிக்கிடலாம்ப்பா” என்றான்.

ராஜகனி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். சாயங்காலம் வரை முதுகுக் குழாயில் விட்ட மருந்தின் மரப்பு அப்போதுதான் விட்டுக்கொண்டிருந்தது. சிரிக்கச் சிரிக்க என் வலது பெருவிரல் வலித்தது. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, இரண்டு முழம் மண்ணுக்குக் கீழே இருந்த விரல்.